இளங்கரும்பின் தோல்விக்குக் களையை மட்டும் கூண்டில் ஏற்றும் ஆய்வுகள்

களை மேலாண்மை பற்றி நம் வேளாண் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் கரும்பு ஆய்வேடுகளில் பத்தை எடுத்து, அவற்றின் முன்னுரைகளை அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். முதற்பத்தி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கரும்பு மெதுவாக முளைக்கும் பயிர். வரிசைகளுக்கு இடையே இடைவெளி அதிகம். நீரும் உரமும் மிகுதி. ஆதலால் களைகள் பெருகுகின்றன. 12 முதல் 72 விழுக்காடு வரை விளைச்சல் குறைகிறது. கூலியாள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி அதிகம். எனவே களைக்கொல்லியே வழி. ஒரே பத்தியில் வழக்குத் தொடுக்கப்பட்டு, விசாரணை முடிந்து, தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. பின்வரும் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு எஞ்சியிருப்பது எந்தக் கொல்லி, எவ்வளவு, எந்த நாளில் என்ற கணக்கு மட்டுமே.

இப்பதிவு அந்த முதற்பத்திக்கு எழுதப்படும் மறுப்பு. களை இளங்கரும்பை ஒடுக்குகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த ஒடுக்குதல் எப்படி, எப்போது, யாருடைய ஏற்பாட்டால் நிகழ்கிறது என்று கேளாமல், களை நின்ற பாத்திக்கும் மருந்து தெளித்த பாத்திக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அளந்து பட்டம் வழங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. நட்ட முதல் நூறு நாள்களில் களை பெறும் வெற்றியில் பெரும்பங்கு, நாம் நடும் முறையும், உரமிடும் முறையும், நீர் விடும் முறையும், கரும்புக்குப் பணம் தரும் முறையும் சேர்ந்து அதற்கு ஈட்டித் தருவது. இந்த நான்கையும் மாறாதவை என்று ஓரம் கட்டிவிட்டு, ஐந்தாவதாகிய களைக்கொல்லியை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பதை ஆய்வு என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அது சரக்குச் சோதனை.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். 12-க்கும் 72-க்கும் இடையே ஆறு மடங்கு தொலைவு. ஒரு காய்ச்சலால் நூற்றுக்கு 12 பேர் முதல் 72 பேர் வரை இறப்பார்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னால், எந்த ஊரில், எந்த வயதில், என்ன நிலையில் என்று நாம் கேட்காமல் விடுவோமா? கரும்பில் மட்டும் கேட்பதில்லை. மேல் எல்லையை எடுத்துக்கொண்டு ‘72 விழுக்காடு வரை’ என்று எழுதிவிடுகிறோம். இவ்வெண் எங்கிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். ஆய்வுப் பண்ணையில் ஒரு பாத்தியில் பருவம் முழுவதும் ஒரு களையும் எடுக்காமல் விடுகிறோம். இன்னொரு பாத்தியில் ஒரு களையும் நில்லாமல் பார்த்துக்கொள்கிறோம். இரண்டின் விளைச்சலையும் ஒப்பிடுகிறோம். ஆலைக்குக் கரும்பு அனுப்பிப் பிழைக்கும் எந்த உழவரும் பன்னிரண்டு மாதம் களையெடுக்காமல் இருப்பதில்லை. யாரும் செய்யாத வேளாண்மையில் நேரும் இழப்பை அளந்து, அதை நாட்டு உழவர்களின் இழப்பாக முன்னுரையில் வைக்கிறோம். உழவர் வழக்கமாகக் களையெடுக்கும் வயலுக்கும் களையற்ற பாத்திக்கும் உள்ள வேறுபாடே அவர் உண்மையில் இழப்பது. அந்த வேறுபாட்டை அளக்கும் பாத்தி நம் ஆய்வு வடிவமைப்பில் பெரும்பாலும் இருப்பதில்லை.

களைப் போட்டியின் சாரம் காலம். மெக்சிகோவில் மக்காச்சோளத்திலும் அவரையினப் பயிரிலும் நியேட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு ‘நெருக்கடிக் காலம்’ என்னும் கருத்தை நிலைநிறுத்தியது. அதற்கு இருவகைப் பாத்திகள் தேவை. ஒருவகையில் குறிப்பிட்ட நாள்வரை களையை விட்டுவைத்துப் பின்னர் நீக்க வேண்டும். மற்றதில் குறிப்பிட்ட நாள்வரை நீக்கிப் பின்னர் விட்டுவிட வேண்டும். இரு வளைகோடுகளும் சேர்ந்து, எந்த நாள் தொடங்கி எந்த நாள்வரை களை நின்றால் பயிர் தாங்காது என்று காட்டும். கரும்பில் நட்ட 30-ஆம் நாள் முதல் 120-ஆம் நாள் வரை என்பது இந்தியப் பாடநூல்கள் தரும் பொதுவிடை. ஆனால் உத்தரப் பிரதேசத்தில் அக்டோபரில் நட்டுப் பனிக்காலத்தில் உறங்கிக் கிடக்கும் கரும்புக்கும், பிப்ரவரி மார்ச்சில் நட்டு வெயிலில் வளரும் கரும்புக்கும், கோதுமை அறுத்தபின் ஏப்ரல் மே மாதங்களில் நடும் கரும்புக்கும், மகாராஷ்டிரத்தில் ஜூலை ஆகஸ்ட் மழையில் நட்டுப் பதினாறு பதினெட்டு மாதம் நிற்கும் ‘அட்சாலி’ கரும்புக்கும் அதே 30, அதே 120 எப்படிப் பொருந்தும்? நாள்காட்டியின் நாளும் பயிரின் நாளும் ஒன்றல்ல. பயிரின் நாள் வெப்பத்தால் நகர்வது.

இன்னொரு பழக்கம் ‘களைக் கட்டுப்பாட்டுத் திறன்’ என்னும் விழுக்காடு. களையெடுக்காத பாத்தியோடு ஒப்பிடக் களைகளின் உலர் எடை எவ்வளவு குறைந்தது என்பதே அது. அதில் கரும்பு எங்கே இருக்கிறது? ரோஜர் கசின்ஸ் 1985-இல் விளக்கியபடி, களையடர்த்திக்கும் விளைச்சல் இழப்புக்கும் உள்ள உறவு நேர்கோடாக இருப்பதில்லை. முதலில் வரும் சில களைகள் ஒவ்வொன்றும் மிகுந்த இழப்பைத் தருகின்றன. அடர்த்தி ஏற ஏற, புதிதாகச் சேரும் ஒவ்வொரு களையும் தரும் கூடுதல் இழப்பு குறைந்து, வளைகோடு தட்டையாகிறது. அந்தத் தட்டையான பகுதியில் நின்றுகொண்டு களையைப் பாதியாகக் குறைத்தேன் என்று மார்தட்டினால், கரும்புக்குக் கிடைத்த நன்மை சொற்பமாகவே இருக்கக்கூடும். நாமோ 50 விழுக்காடு, 60 விழுக்காடு என்று பட்டியலிட்டு, சிறிய எழுத்துகளை மேலே தூக்கிப் போட்டு, ஒன்றைவிட மற்றொன்று சிறந்தது என்று முடிவுரை எழுதுகிறோம்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இப்பழக்கங்களின் வறுமை இன்னும் தெளிவாகும். கரும்புக்கு விதையாவது கரணை. பரு விரிந்து தளிர் மண்ணுக்கு மேலே வர வெப்பநிலைக்கேற்ப ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகிறது. அதுவரை கரணையில் இருக்கும் சர்க்கரையும், கணுவிலிருந்து புறப்படும் தற்காலிகக் கரணைவேர்களுமே அதற்கு ஆதாரம். பின்னர்த் தளிரின் அடியிலிருந்து சொந்த வேர்கள் இறங்குகின்றன. கரணைவேர்கள் கருகி மறைகின்றன. ஒரு வேர்த்தொகுதி ஓய்ந்து இன்னொன்று பொறுப்பேற்கும் இந்தக் கைமாற்றத்தின்போதுதான் இளங்கரும்பு மிக எளியதாக இருக்கிறது. களைவிதையோ முதல் நீர்ப்பாய்ச்சலுக்குப் பின் சில நாள்களிலேயே முளைத்துவிடுகிறது. கரும்பின் சொந்த வேர் இறங்கும் நேரத்தில் அந்த மண்ணில் ஏற்கனவே குடியேறியவர்கள் இருக்கிறார்கள். முதல் 50 நாள்களில் களைகள் கரும்பைவிட நான்கு மடங்கு தழைச்சத்தையும் மணிச்சத்தையும், இரண்டரை மடங்கு சாம்பல்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன என்று கையேடுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கின் பின்னணி இதுவே.

அடுத்து வருவது தூர் கட்டும் பருவம். ஆலைக்குப் போகும் கரும்புகளின் எண்ணிக்கை இங்கேதான் முடிவாகிறது. புல்லினப் பயிர்களின் அடிப்பருக்கள் ஒளியின் அளவை மட்டுமன்றி அதன் தன்மையையும் உணர்கின்றன. அண்டையிலுள்ள பச்சை இலைகள் செந்நிற ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அப்பாலுள்ள தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. இந்த விகிதம் மாறினால், நிழல் இன்னும் விழாதபோதே, பக்கத்தில் போட்டியாள் இருக்கிறான் என்று செடி அறிந்து, தூர் விடுவதைக் குறைத்து உயரத்தில் முதலீடு செய்கிறது. அப்படி இழந்த தூரைப் பின்னர் எவ்வளவு யூரியா போட்டாலும் முழுதாக மீட்க இயலாது. ஆகவே 60-ஆம் நாளில் களையின் எடையை அளப்பதைவிட, 30-ஆம் நாளில் அது எங்கே நின்றது, கரும்பின் அடியிலா, சாலின் நடுவிலா என்று பார்ப்பது பயனுள்ளது. நம் தரவுத்தாள்களில் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கட்டம் உண்டு. வரிசையிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கட்டம் அரிதினும் அரிது.

சூழலியலில் கிரைமும் டில்மனும் நடத்திய நெடிய விவாதம் இங்கே உதவும். வளத்தை விரைந்து கைப்பற்றுபவனே வெல்வான் என்பது கிரைமின் பார்வை. வளம் மிகக் குறைந்த நிலையிலும் தாக்குப்பிடிப்பவனே இறுதியில் வெல்வான் என்பது டில்மன் 1982-இல் விரித்துரைத்த பார்வை. கரும்பு தாக்குப்பிடிக்கும் இனம். நூற்றிருபது நாள் கடந்து இலைக்கூரை மூடிவிட்டால் அதன் நிழலில் பெரும்பாலான களைகள் மாய்கின்றன. விரைந்து கைப்பற்றும் இனமோ களை. இனி நம் வயலைப் பாருங்கள். வரிசைக்கு வரிசை வடக்கில் 75 சென்டிமீட்டர், தெற்கில் 90 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அந்த வெற்றிடம் முழுவதற்கும் வாய்க்கால் நீரைப் பாய்ச்சி, யூரியாவைக் கையால் வீசித் தூவுகிறோம். இன்னும் வேர்விடாத பயிருக்கு என்று சொல்லி, ஏற்கனவே வேர்விட்ட களைக்கு விருந்து வைக்கிறோம். விரைந்து கைப்பற்றுபவன் வெல்லும் வகையில் பந்தயக்களத்தை நாமே அமைத்துக் கொடுத்துவிட்டு, அவன் வென்றதும் அவன்மீது வழக்குத் தொடுப்பது என்ன நீதி?

வடஇந்தியாவில் நட்ட பருக்களில் பாதிகூட முளைப்பதில்லை என்பது கரும்புத் துறையில் எல்லோரும் அறிந்த உண்மை. முளைக்காத ஒவ்வொரு பருவும் வரிசைக்குள் ஓர் இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியும் களைக்கு ஒரு மனை. கரணைத் தரம், விதைநேர்த்தி, நடும் ஈரம் ஆகியவற்றைக் களை மேலாண்மையின் பகுதியாக நம் ஆய்வேடுகள் கருதுவதில்லை. அவை ‘வேறு தலைப்பு’. உரத்தை வரிசையோரம் புதைத்து வைப்பதும் ‘வேறு தலைப்பு’. வேர்ப்பகுதியை மட்டும் நனைக்கும் சொட்டுநீரும் ‘வேறு தலைப்பு’. துறைகளாகப் பிரித்துக்கொண்டது நாம். களைக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

2009-இல் இக்ரிசாட்டும் உலக இயற்கை நிதியமும் முன்வைத்த நீடித்த கரும்புச் சாகுபடி முறையை எண்ணிப் பாருங்கள். ஒருபருச் சீவல்களை நாற்றங்காலில் வளர்த்து, 25 முதல் 35 நாள் ஆன நாற்றை நடுவது அதன் அடிப்படை. களையியல் கண்ணோடு பார்த்தால் இது மாபெரும் மாற்றம். கரும்பு ஒரு மாதத் தலைத்தொடக்கத்தோடு களத்தில் இறங்குகிறது. போட்டியில் யார் முதலில் முளைத்தார்கள் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது களையியலின் பால பாடம். ஆனால் அதே முறை வரிசைக்கு வரிசை ஐந்தடி இடைவெளி கேட்கிறது. காலத்தில் ஈட்டியதை இடத்தில் இழக்கும் அபாயம் இதில் இருக்கிறது. ஊடுபயிர் இட்டு அந்த ஐந்தடியை நிரப்பினால் ஈட்டியது நிலைக்கும். நிரப்பாவிட்டால் களை நிரப்பும். ஊடுபயிரும் நீருக்கும் ஒளிக்கும் கரும்போடு போட்டியிடுவதுதான். எந்தப் பயறு, எத்தனை வரிசை, எந்த நாளில் அறுவடை என்பதே கேள்வி. ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வுக்கு இங்கே இடமிருக்கிறது. ஆனால் விற்பதற்குப் புட்டி எதுவும் இங்கே இல்லை.

பயிர் இனப்பெருக்கத்தின் வரலாறும் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உருவாக்கி 1918-இல் பஞ்சாபுக்கு வெளியிடப்பட்ட கோ 205, உயர்ரகக் கரும்பையும் காட்டில் தானாய் வளரும் நாணலையும் கலந்து பிறந்தது. வடஇந்தியாவின் வறட்சியையும் குளிரையும் தாங்கும் ஆற்றலையும், மிகுதியாகத் தூர் விடும் பண்பையும் தந்தது அந்த நாணல். அதே நாணல், ‘கான்ஸ்’ என்ற பெயரில், மத்திய இந்தியாவில் இலட்சக்கணக்கான ஏக்கரைத் தரிசாக்கிய களை. 1949-இல் உலக வங்கி இந்தியாவுக்கு அளித்த தொடக்கக் கடன்களுள் ஒன்று, அந்தக் களையை உழுது ஒழிக்கும் டிராக்டர்களுக்காகத் தரப்பட்டது. களை, பயிர் என்பன செடியின் பிறவிக்குணங்கள் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது. ஆயினும் சர்க்கரை அளவுக்கும், டன் கணக்குக்கும், செவ்வழுகல் எதிர்ப்புக்கும் இரகங்களைச் சலித்தெடுக்கும் நாம், தொடக்க வேகத்துக்கும் களையை அடக்கும் ஆற்றலுக்கும் என்று தனியே மதிப்பெண் தருவதில்லை. களையற்ற பண்ணையில் தேர்ந்தெடுத்த இரகத்தைக் களை நிறைந்த வயலுக்கு அனுப்பிவிட்டு, அங்கே அது திணறுவதைக் கண்டு வியக்கிறோம்.

களைக்கொல்லிகளுக்கு வருவோம். கரும்பில் நெடுநாள் முதன்மை பெற்றிருப்பது அட்ரசின். அது ஒளிச்சேர்க்கையைத் தடுத்துக் கொல்வது; கரும்பும் மக்காச்சோளமும் அதைத் தம் உடலில் செயலிழக்கச் செய்துவிடுவதால் பிழைக்கின்றன. விதையிலிருந்து முளைக்கும் ஆண்டுக்களைகள் பலவற்றை அது நன்றாகவே அடக்குகிறது. கிழங்கிலிருந்து எழும் கோரையையும், தண்டால் படரும் அருகையும், வேர்த்தண்டிலிருந்து கிளம்பும் காட்டுச்சோளத்தையும் அதனால் அடக்க இயலாது. ஆண்டுதோறும் அதையே தெளித்தால் நிகழ்வது என்ன? கோரையின் போட்டியாளர்களை நாமே அகற்றிக் கொடுத்து, வயலைக் கோரைக்குப் பட்டா எழுதித் தருகிறோம். பின்னர்க் கோரைக்கென்று ஹாலோசல்பியூரான் வருகிறது. மழைக்காலத்தில் கரும்பைச் சுற்றி ஏறும் கொடிக்களைகளுக்கென்று இன்னொன்று. ஒவ்வொன்றும் முந்தைய தீர்வு உண்டாக்கிய அல்லது விட்டுவைத்த சிக்கலுக்கான தீர்வு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆய்வேடு. 1977-இல் ஹோமும் குழுவினரும் உலகின் மிகக் கொடிய களை என்று முதலிடத்தில் வைத்த கோரை நிழலுக்கு அஞ்சும் செடி என்பதும், இலைக்கூரை விரைந்து மூடுவதே அதற்கு நீடித்த மருந்து என்பதும் அறிந்திருந்தும், கூரையை விரைவுபடுத்தும் ஆய்வைவிடக் கிழங்கைக் குறிவைக்கும் புட்டியே நம்மை ஈர்க்கிறது.

2020-இல் நடுவணரசு 27 பூச்சிக்கொல்லி, பூசணக்கொல்லி, களைக்கொல்லிகளைத் தடைசெய்ய வரைவாணை வெளியிட்டபோது அதில் அட்ரசினும் 2,4-டியும் டையூரானும் இருந்தன. மூன்றும் கரும்பில் பயன்படுபவை. 2023-இல் வந்த இறுதி ஆணை தடைசெய்தவற்றில் இவை இல்லை. இவை தொடரலாமா, கூடாதா என்பது தனி விவாதம். நான் கேட்பது வேறு: ஒருவேளை தடை நடைமுறைக்கு வந்திருந்தால், அடுத்த பிப்ரவரியில் கரும்பு நடும் உழவருக்கு நம் ஆய்வேடுகள் என்ன சொல்லியிருக்கும்? பெரும்பாலானவை இன்னொரு புட்டியின் பெயரைத்தான் சொல்லியிருக்கும்.

இனி, ‘கூலியாள் கிடைப்பதில்லை’ என்னும் வாக்கியம். நாட்டின் கரும்புப் பரப்பில் ஏறத்தாழப் பாதியைக் கொண்ட உத்தரப் பிரதேசத்தில், இளவேனிலில் நட்ட கரும்பின் நெருக்கடிக் காலம் ஏப்ரலில் உச்சம் தொடுகிறது. அதே ஏப்ரலில்தான் கோதுமை அறுவடை. களையெடுக்க வேண்டிய கைகள் அறுவடையில் இருக்கின்றன. அதே நேரத்தில், அந்தப் பருவத்தில் ஆலைக்கு அனுப்பிய கரும்புக்கான பணத்துக்காக உழவர் காத்திருக்கிறார். 14 நாள்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி தர வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை கூறுகிறது. அந்த ஆணை எந்த அளவில் மதிக்கப்படுகிறது என்பதைக் கரும்பு நிலுவை பற்றி ஆண்டுதோறும் வரும் செய்திகள் சொல்லும். கையில் பணம் இல்லாத உழவர் முதல் களையெடுப்பை இருபது நாள் தள்ளிப்போடுகிறார். தூர் கட்டும் பருவத்தில் அந்த இருபது நாள் எத்தனை கரும்பு என்பதை மேலே பார்த்தோம். இதை ‘உழவரிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று நம் விரிவாக்கத்துறை எழுதுகிறது. ‘ஆள் பற்றாக்குறை’ என்று நம் உழவியல் துறை எழுதுகிறது. நிலுவைத்தொகை தாமதமான நாள்களுக்கும் முதற்களையெடுப்பு தாமதமான நாள்களுக்கும் உள்ள உறவை ஒரு வரைபடமாக வரைந்தால் என்ன தெரியும்? உழவியலும் பொருளியலும் சேர்ந்து செய்ய வேண்டிய எளிய ஆய்வு இது. இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம்.

களையெடுப்பவர்கள் யார் என்பதையும் நம் செலவுப் பட்டியல் மறைக்கிறது. ‘ஆள்நாள் இத்தனை’ என்ற எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் பெண்கள் இருக்கிறார்கள். குர்பி என்னும் சிறு கொத்தோடு குந்தி அமர்ந்து, கரும்பின் தளிரையும் அதைப்போலவே தோன்றும் புல்லின் தளிரையும் இரண்டு மூன்று இலைப் பருவத்தில் பிரித்தறியும் திறன் அவர்களுடையது. வகைப்பாட்டியல் படித்த நம்மில் பலர் அங்கே தடுமாறுவோம். அவர்கள் பிடுங்குவது எல்லாம் குப்பைக்குப் போவதில்லை. குளிர்காலத்தில் சக்கரவர்த்திக் கீரை அடுப்புக்குப் போகிறது. அருகும் மற்றப் புற்களும் எருமைக்குப் போகின்றன. பால்மாடு வளர்க்கும் குடும்பம் சில புற்களைத் தெரிந்தேதான் விட்டுவைத்து அறுக்கிறது. ஆகவே வரவு செலவு விகிதம் கணக்கிடும்போது களையெடுப்பைச் செலவில் மட்டும் எழுதி, தீவனத்தையும் கீரையையும் வரவில் எழுதாமல் விட்டால், களைக்கொல்லி வெல்வதில் வியப்பில்லை. ஒரு தட்டில் கல்லை வைத்து நிறுத்த தராசு அது.

மறுப்புகள் வரும் என்று அறிவேன். ‘காலமெல்லாம் பெண்கள் வெயிலில் குந்திக் களையெடுக்க வேண்டுமென்கிறாயா?’ இல்லை. அந்த உழைப்பு முதுகையும் முழங்காலையும் முறிப்பது. அதைக் கவிதையாக்குபவர்கள் ஒரு நாள் செய்து பார்க்கட்டும். ஆனால் குர்பிக்கும் புட்டிக்கும் நடுவே எத்தனையோ இருக்கின்றன: முளைக்கும் முன்னரே மேல்மண்ணைக் கிளறிவிடும் பழைய குருட்டுக்கொத்து, மாடோ சிறு இயந்திரமோ இழுக்கும் இடையுழவுக் கருவி, மறுதாம்பில் சோகையை எரிக்காமல் பரப்பும் மூடாக்கு, ஊடுபயிர், வரிசையோர உரம். சோகை மூடாக்கு ஒளிதேடும் ஆண்டுக்களைகளை அடக்கும். கோரையையும் கொடிக்களைகளையும் அடக்காது. எரிக்காமல் அறுக்கத் தொடங்கிய பிரேசிலின் கரும்புக்காடுகளில் கொடிக்களைகள் தலைதூக்கியது இதற்குச் சான்று. எதுவும் தனியே போதாது. தக்க இடத்தில், தக்க அளவில் களைக்கொல்லிக்கும் இதில் ஓரிடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

‘ஆய்வு என்றால் ஒரு காரணியைத் தனிப்படுத்தித்தானே பார்க்க வேண்டும்?’ என்பது இரண்டாம் மறுப்பு. ஆம். ஆனால் நாற்பது ஆண்டுகளாக அதே ஒரு காரணியைத் தனிப்படுத்துவது முறையியல் அன்று, பழக்கம். கிடைக்கும் நிதியும், இரண்டு பருவத்தில் முடிய வேண்டிய பட்டக் காலமும், வெளியிட எளிதான வடிவமும் சேர்ந்து உருவாக்கிய பழக்கம். களை ஆராய்ச்சிக்கென்றே ஜபல்பூரில் ஒரு தேசிய நிறுவனமும், கரும்புக்கென்றே இலக்னோவிலும் கோயம்புத்தூரிலும் நிறுவனங்களும் வைத்திருக்கும் நாட்டில் இப்பழக்கத்துக்கு வசதியின்மையைக் காரணம் காட்ட இயலாது.

ஆகவே ஆய்வு மாணவ நண்பர்களிடமும் நெறியாளர்களிடமும் ஐந்து கோரிக்கைகள்.

ஒன்று, களையெடுக்காத பாத்தியோடு அவ்வட்டார உழவரின் வழக்கமான களையெடுப்பையும் ஓர் ஒப்பீட்டுப் பாத்தியாக வையுங்கள். இழப்பை அதிலிருந்து கணக்கிடுங்கள்.

இரண்டு, களை நீக்கும் நாளையே ஆய்வுக் காரணியாக்குங்கள். நாளோடு வெப்ப அலகையும் பதியுங்கள்.

மூன்று, உரம் வைக்கும் இடத்தையும் நீர் விடும் முறையையும் களையோடு சேர்த்து ஒரே வடிவமைப்பில் சோதியுங்கள்.

நான்கு, நடவுக் கரும்போடு நிறுத்தாமல் மறுதாம்பு வரை தொடர்ந்து, மண்ணிலுள்ள களைவிதைகளையும் கோரைக் கிழங்குகளையும் எண்ணுங்கள். இவ்வாண்டு வென்ற முறை அடுத்த ஆண்டுக்கு எதை விட்டுச் சென்றது என்பது அப்போதுதான் தெரியும்.

ஐந்து, யார் களையெடுத்தார், எத்தனை மணி நேரம், என்ன கூலி, பிடுங்கியது எங்கே போனது என்று எழுதுங்கள், அதுவும் தரவே.

இவற்றைச் செய்தால் ஆய்வேடு தடிக்கும், காலம் நீளும், சிறிய எழுத்துகளால் எளிதில் வரிசைப்படுத்த முடியாத முடிவுகள் வரும். அதற்குத் தேர்வாளர்கள் அணியமாக வேண்டும். ஆனால் அம்முடிவுகள் ஓர் உழவருக்கு மார்ச் மாதத்தில் எதைச் செய்வது, எதை விடுவது என்று சொல்லக்கூடியவையாக இருக்கும். இன்று நாம் தருபவை பெரும்பாலும் எந்தக் கடையில் எதை வாங்குவது என்று மட்டுமே சொல்கின்றன. அதைச் சொல்லக் கடைக்காரரே போதும்.

இதில் உடன்படாதவர்கள் தரவோடு எழுதுங்கள். உழவர் வழக்கத்தை ஒப்பீடாகக் கொண்ட ஆய்வேடு உங்கள் துறையில் இருந்தால் குறிப்பிடுங்கள். அவற்றைத் தொகுத்துத் தனிப்பதிவாக இடுகிறேன். அடுத்து முன்னுரை எழுத உட்காரும் மாணவர் ஒருவராவது, ‘72 விழுக்காடு வரை’ என்று தட்டச்சு செய்யும் முன் கையை நிறுத்தி, எந்த வயலில், யாருடைய வயலில் என்று தம் நெறியாளரிடம் கேட்கட்டும்.